பரிசீலனை என்று ஒரு சொல்

குளியலறைக் கதவுக்குப் பின்னால் தர்மா யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

போன் சமையலறை மேசையில் சார்ஜில் கிடந்தது. உள்ளே அவனைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் மலாயில், நிறுத்தி நிறுத்தி, ஐயா என்பதற்குத் ‘துவான்’ போட்டு, மிகுந்த மரியாதையோடு ஓர் அதிகாரிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை துவான், அதனால்தான் லோரியை எடுக்கவில்லை. வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை துவான். ஒரு சொல் பிசகினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

சாந்தினி சாப்பாட்டு டப்பாவை மூடாமல் நின்றாள்.

“என்னா அத்தே இது?”

“தெனமும் இதான்,” என்றாள் மாமியார் மங்களம், குரலைத் தாழ்த்தி. “நீ காலையிலயே கெளம்பிடறே, ஒனக்குத் தெரியல. விசாரணைக்குக் கூப்பிடுவாங்களாம். அப்ப தடுமாறக் கூடாதாம்.”

வழக்கமாக சாந்தினி அந்த நேரத்தில் புந்தோங் வீட்டில் இருக்க மாட்டாள். இன்று மாலை அலுவலகத்தில் மென்பொருளின் புது வெளியீடு. அதனால் காலையில் தாமதமாக வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாமதம்தான் எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று.

தர்மா பீடோர் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பழக்குலை ஏற்றிப் போகிற லோரிக்காரன். முன்பு ரப்பர் நின்ற தோட்டம் அது; மங்களம் பால் வெட்டிய மண். போன மாதம் ஒரு காலை, பிரேக் பிடிக்காத லோரியில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்த குலையோடு மலைச்சரிவில் இறங்க மாட்டேன் என்று தர்மா சாவியைத் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் ஆலை வாசலில் கார்டைத் தொட்டபோது தடுப்புக் கம்பி எழும்பவில்லை. அன்று முதல் ஒரு நாளும் எழும்பவில்லை. நுழைவுப் பாசில் ஏதோ பிரச்சனை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தான்.

அவன் வெளியே வந்தான். முகம் மழித்திருந்தான். வேலைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தான். கன்னம் உள்வாங்கியிருந்ததை சாந்தினி அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

“ஐயாவு மறுபடியும் போன் பண்ணாரா?” என்று கேட்டாள். ஐயாவு தர்மாவின் பழைய கூட்டாளி. பாகான் டத்தோவில் தேங்காய் ஆலை ஒன்றில் லோரி வேலைக்கு இவனுக்காகச் சொல்லி வைத்திருந்தான்.

“இன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசின்னான். வேணாம்னு சொல்லப் போறேன்.”

“ஏங்க?”

“இங்க கேஸ் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப வேற எடத்துக்குப் போனா, பாரு, தப்புப் பண்ணான், அதான் ஓடிட்டான்னு சொல்லுவாங்க. என் பேரு போயிரும்லா. முடிவு வரட்டும்.”

“எந்த முடிவு? கேட்டுல என்னா காட்டுது?”

“மஞ்சக் கலர்ல வரும். ‘டாலாம் செமாக்கான்’னு. பரிசீலனையில இருக்குன்னு அர்த்தம். செவப்பு இல்ல சாந்தினி, மஞ்சள்தான். அதனாலதான் சொல்றேன், கூப்பிடுவாங்க.”

மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு பீடோருக்குக் கிளம்பிவிட்டான். அவ்வளவு தூரம் போய், ஒருமுறை கார்டைத் தொட்டு, மஞ்சளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காக.

சாந்தினி டப்பாவை மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“என்னாடி பிள்ள? ஏன் இப்படி வேர்க்குது?”

“அத்தே, அது எங்க ஆபிஸ் செஞ்ச சிஸ்டம்.”

மங்களத்துக்குப் புரியவில்லை. சாந்தினி மெதுவாகச் சொன்னாள். ஆலை வாசலில் யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று பார்க்கிற மென்பொருள். விடக் கூடாதவர்களின் பட்டியலுக்கு முதலில் ‘கறுப்புப் பட்டியல்’ என்று பெயர். அந்தப் பெயர் ஆகாது என்று மாற்றினார்கள். மாற்றி வைத்த பெயர்தான் ‘பரிசீலனையில்’. சொல்தான் மாறியது. பட்டியல் அதேதான்.

“யாரும் பரிசீலிக்கல அத்தே. அப்படி ஒரு ஆளே இல்ல. அந்தப் பட்டியல்ல ஏறுனா ஏறினதுதான். விசாரணைன்னு ஒன்னு வரவே வராது.”

மங்களம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் எழுந்து வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அவன்கிட்ட சொல்லாத.”

“அத்தே!”

“சொல்லாத சாந்தினி. ஒன் காலைப் புடிச்சுக் கேக்குறேன். அவங்கப்பாவுக்கு நேராத்தான் சொன்னாங்க. காலைப் பெரட்டுல, பேர் கூப்பிடற எடத்துல, அத்தனை பேர் முன்னாடி கூப்பிட்டு, ராமையா, ஒன் பேரு வெட்டியாச்சு, இனிமே வராதேன்னாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சாரு. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. இன்னைக்கு வரைக்கும் எங்க போனாருன்னு எனக்குத் தெரியாது.” அவள் பிடியை இறுக்கினாள். “இவனும் அதே ரத்தம். அந்த மஞ்சளைப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திரிக்கிறான், சட்டை போடுறான். அதையும் புடுங்கிட்டா?”

சாந்தினி மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டாள். டப்பாவை எடுக்காமலே கிளம்பினாள்.

*

அலுவலகம் கிரீன்டவுனில், ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையின் மாடியில் இருந்தது. கடை அபுபக்கருடையது, மாடியிலிருந்த மென்பொருள் நிறுவனம் அவர் மகன் ஹைகலுடையது. குழம்பு வாசனை ஏறி வருகிற அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஆலைகளுக்கு நிரல் எழுதினார்கள்.

ஐரோப்பாவில் எண்ணெய் வாங்குகிறவர்கள் ஆலைக்காரர்களிடம் கேட்டிருந்தார்கள்: உங்கள் மென்பொருளில் மனிதரை இழிவுபடுத்துகிற சொல் இருக்கக் கூடாது. ஆலைக்காரர்கள் ஹைகலிடம் கேட்டார்கள். ஹைகல் அந்த வேலையை சாந்தினியிடம் கொடுத்தான். அவளும் ஆசையோடுதான் எடுத்துச் செய்தாள்.

கட்டளையிடுகிற சர்வருக்கு மாஸ்டர் என்றும், அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்கிற சர்வருக்கு ஸ்லேவ் என்றும் பெயர் இருந்தது. எஜமான், அடிமை. தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்தவர்களின் பேத்தி அந்தச் சொல்லைத் தினமும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அதை ‘முதன்மை’, ‘நகல்’ என்று மாற்றினாள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அந்த சர்வர்கள் என்ன செய்கின்றன என்று புதுப் பெயர் இன்னும் தெளிவாகவே சொன்னது. ‘வெள்ளைப் பட்டியல்’ ‘அனுமதிப் பட்டியல்’ ஆயிற்று. பள்ளியில் நிறத்துக்காக ‘அராங்’ என்று, கரி என்று, கேலி வாங்கியவள் அவள். கறுப்பு என்றால் கெட்டது என்று ஒரு கணினிக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பதை அழிக்கிறபோது அவளுக்கு உள்ளுக்குள் நன்றாகவே இருந்தது.

‘கறுப்புப் பட்டிய’லுக்கு அவள் எழுதிக் கொடுத்தது ‘டிசெகாட்’, அதாவது தடை. ஆலைக்காரர்கள் அதை அடித்துவிட்டார்கள். கடுமையாக இருக்கிறதாம். அவர்கள் சொன்னதுதான் ‘பரிசீலனையில்’. ஏதோ ஓர் ஆலையில் சோதனைக்குப் போட்டிருந்தார்கள். எந்த ஆலை என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய திரையில் அதற்கு ஓர் எண் மட்டும்தான். இன்று ஐந்து மணிக்கு எல்லா ஆலைக்கும் போக வேண்டும்.

ஹைகலின் அறைக்குள் போய் உட்காராமலே கேட்டாள்.

“அண்ணே, சோதனை ஓடுறது பீடோர்லயா?”

“ஆமா. ஏன்?”

“செமாக்கான்னு வருதே, யாரு செமாக் பண்றா?”

ஹைகல் கணினியிலிருந்து நிமிர்ந்தான். “யாரும் இல்ல. ஒனக்குத் தெரிஞ்சதுதானேலா. லாஜிக்கைத் தொடல, பேரைத்தானே மாத்துனோம்.”

“எங்க வீட்டுக்காரர் அந்த மஞ்சள்ல நிக்கிறாருண்ணே.”

அவன் முகம் மாறியது. கதவைச் சாத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறைப் பேச்சையும் விடவில்லை.

“கெட்ட சொல்லை எடுக்கத்தான் சொன்னாங்க. நல்லா இருக்கட்டும்னு நாம பொய்யை வச்சிட்டோம்ணே. கறுப்புன்னு போட்டிருந்தாக்கூட அவருக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கும். அழுதுட்டு வேற வேலை தேடியிருப்பாரு. இது என்னான்னா, மனுஷன் தெனமும் போய் வாசல்ல நிக்கிறாரு. ‘தடை’ன்னு போடுங்க. அதுல யார் நிறமும் இல்ல, யாரையும் இழிவாச் சொல்லல. உள்ளதைச் சொல்லுது.”

“எனக்குப் புரியுது சாந்தினி.” ஹைகல் நெற்றியைத் தேய்த்தான். “ஆனா அவங்க என்னா சொன்னாங்க தெரியுமா? கேட்டுல சண்டை வராத சொல்லு வேணும்னாங்க. இந்த ஒரு கிளையண்ட் போனா, நான் கீழ அத்தா கடையில தட்டுக் கழுவத்தான் போகணும். நீங்க எல்லாம் எங்க போவீங்க?”

“சண்டை வராதுதான். ஏன் வரும்? எல்லாரும் காத்துக்கிட்டுல்ல இருப்பாங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அஞ்சு மணிக்கு, இருக்கிறபடியே அனுப்பு. ஒங்க வீட்டுக்காரர் விஷயத்தை நான் தனியாப் பேசிப் பார்க்குறேன்.”

“மத்தவங்க?”

“சாந்தினி, ப்ளீஸ்லா.”

*

நாலு மணிக்கு மேல் தர்மாவே கூப்பிட்டான். காலையிலிருந்து ஆலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், பின்னால் லோரிகள் இரையும் சத்தம்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு ஆபிசர் வருவாருன்னு கேட்டைக் காக்குற ஜாகா சொன்னாரு. பார்த்துட்டு வாரேன். ஐயாவுக்கு இப்பப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன்.”

“போடாதீங்க!”

“ஏன்?”

மங்களத்தின் கை இன்னும் தன் மணிக்கட்டில் இருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“அது பரிசீலனை இல்லங்க. ஒங்களைத் தடுத்துட்டாங்க. மொத்தமா. எங்க ஆபிஸ் செஞ்ச சிஸ்டம் அது, எனக்குத் தெரியும். விசாரணை ஒன்னும் கெடையாது. யாரும் கூப்பிட மாட்டாங்க.”

அந்தப் பக்கம் லோரிச் சத்தம் மட்டும் வந்தது.

“நீ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டுப் பேசுறே,” என்றான் கடைசியில். குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம். “ஸ்கிரீன்ல எழுதியிருக்குலா. கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. நான் படிக்காதவனா? நீ சொல்றதை நம்புறதா, அதை நம்புறதா? அம்மாதான் ஒன்கிட்ட ஏதோ சொல்லியிருக்காங்க, என்னை பாகான் டத்தோவுக்கு அனுப்பி வைக்க.”

“இல்லங்க, கேளுங்க...”

“போதும். வைக்கிறேன்.”

வைத்துவிட்டான்.

கட்டியவளின் வாயைவிடக் கதவில் மின்னுகிற எழுத்து பெரியதாகிவிட்டது. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

ஹைகல் தலையை நீட்டினான். “அசர் தொழுதுட்டு, அத்தா கடையில கூட்டம், பார்த்துட்டு வாரேன். நேரத்துக்கு அனுப்பிடு.” அவள் முகத்தைப் பார்க்காமலே படி இறங்கிப் போனான்.

சாந்தினி அந்தக் கோப்பைத் திறந்தாள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ‘டாலாம் செமாக்கா’னை அழித்தாள். ‘டிசெகாட்’ என்று எழுதினாள். மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே சேர்க்கக் கை போனது. உடனே நிறுத்தினாள். மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது; அதைச் சேர்த்தால் ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதாகும். அதற்குப் பதில், யார் தடுத்தார்கள் என்று எழுதினாள்: ‘நுழைவைத் தடை செய்தது: ஆலை நிர்வாகம்.’ மஞ்சளைச் சிவப்பாக்கினாள்.

விரல் பொத்தானின்மேல் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போன ராமையாவை அவள் பார்த்ததில்லை. வீட்டுச் சுவரில் ஒரு படம்கூட இல்லை. ஆனாலும் அந்த நேரம் அவர் நடந்து போவது தெரிந்தது. தர்மாவின் தோளும் தர்மாவின் நடையுமாக.

மணி ஐந்தானது. அழுத்திவிட்டாள்.

*

உடனே அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது முறை போன் அணைந்திருப்பதாகச் சொன்னது.

பக்கத்து மேசை மர்ஜானா, “என்னா அக்கா, ஒடம்புக்கு முடியலையா?” என்று தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். சாந்தினி தலையை மட்டும் ஆட்டினாள். பீடோர் சாலையை நினைத்தாள். வரிசையாக வருகிற பெரிய லோரிகளை நினைத்தாள். அவற்றுக்கு நடுவே ஒரு மோட்டாரில், இஸ்திரி போட்ட சட்டையோடு, முன்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் போகிற ஒருவனை நினைத்தாள்.

மங்களம் கூப்பிட்டாள். “அவன் போனு போகலையே பிள்ள.”

“எனக்கும் போகல அத்தே,” என்றாள் சாந்தினி.

“சொல்லிட்டியா?” மங்களத்தின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. “ஐயோ, சொல்லிட்டியாடி...”

“அவரு வருவாரு அத்தே.”

“இதையேதான் எனக்கும் அன்னைக்குச் சொன்னாங்க!”

போன் அந்தப் பக்கம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அழுகை மட்டும் வந்தது. சாந்தினி காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுகை ஓய்ந்ததும் ஐயாவுவின் எண்ணைத் தேடிப் போட்டாள். தர்மா தன்னிடம் பேசவே இல்லை என்றான் அவன். மர்ஜானா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கீழே கடையில் தட்டுகள் மோதின, யாரோ சிரித்தார்கள். மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். தான் சொன்னது உண்மைதானே என்று ஒருபக்கம் மனசு கேட்டது. உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய, அவன் வரவில்லை என்றால்?

போன் அதிர்ந்தது. தெரியாத எண்.

“சாந்தினி.”

தர்மா! இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். அழுகைதான் வந்தது.

“அழாத, அழாத. என் போன்ல சார்ஜ் போயிருச்சு. இது அஸ்வான்னு ஒருத்தரோடது. கேளு. நீ சொன்னதுக்கு அப்புறமும் போய் கார்டைத் தொட்டேன். செவப்பா வந்துச்சு. தடைன்னு. நிர்வாகம் தடுத்துச்சுன்னு.” அவன் மூச்சிரைத்தது. “கொஞ்ச நேரம் எனக்கு ஒன்னுமே தெரியல. ரோட்டோரமா போய் உக்காந்துட்டேன். எழுந்திரிக்கத் தோணல, சாந்தினி. சத்தியமாத் தோணல.”

“ஐயோ...”

“அப்ப இந்த அஸ்வான் வந்து பக்கத்துல உக்காந்தாரு. அவருக்கும் செவப்பு. அந்தப் பக்கம் மரத்தடியில ஒரு கூட்டமே நிக்குது, எல்லாருக்கும் அதேதான். இத்தனை நாளா நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம், பேசல. அவனவன் கேஸ் தனின்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். பேசிப் பார்த்தா, அத்தனை பேரும் பிரேக்குன்னோ டயருன்னோ ஏதோ கம்ப்ளேன் பண்ண ஆளுங்கதான்.”

அவன் குரலில் நடுக்கம் இருந்தது. காலையில் கதவுக்குப் பின்னால் கேட்ட அந்தப் பணிவு மட்டும் இல்லை.

“இப்ப மறுபடியும் மஞ்சளாயிருச்சு.”

“என்னாங்க?”

“ஆமா, இப்பத்தான். செமாக்கான்னு வருது. யாரோ பழையபடி மாத்திட்டாங்க. பரவால்ல, நாங்க பார்த்துட்டோம்லா. நாளைக்கு எல்லாரும் சேந்து லேபர் ஆபிசுக்குப் போறதுன்னு பேசிக்கிட்டு இருக்கோம்.”

“ஐயாவு காத்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு என்னா பதில்?”

“தெரியல. போனா இவங்களை விட்டுட்டுப் போகணும். அம்மாகிட்ட நான் வாரேன்னு சொல்லு.” கொஞ்சம் தயங்கினான். “மொதல்ல இதைச் சொல்லு. அந்தச் செவப்பைப் போட்டது யாரு?”

மாடிப்படியில் வேகமாகக் காலடி கேட்டது. கதவு திறந்தது. ஹைகல் நின்றான். ஒரு கையில் போன். அதற்குள்ளிருந்து யாரோ ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கையால் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, இரைக்க இரைக்கக் கேட்டான்.

“கீழேருந்தே பழையபடி மாத்திட்டேன், ஆனா ஆலைக்காரங்க கேக்குறாங்க சாந்தினி. நான் என்னா சொல்ல? சிஸ்டம் தப்புன்னு சொல்லிடட்டுமா? யாரு மாத்துனது?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

“நான்தான்.”